இணையத்துக்கு எழுத ஏற்ற எழுத்தாணி

காலஞ்சென்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அவர்தம் மாணாக்கர் கூடி எடுத்த நினைவு மலரொன்று எங்கள் பாடசாலையில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. இரங்கற் பாக்கள் சில, கட்டுரைகள் சில, இவற்றுக்குப் பின்னே அப்பெரியார் தம் வகுப்புக்கென்று எழுதி வைத்திருந்த இலக்கணக் குறிப்புகள் அறுபது பக்கம். மலரின் உயிர் அந்த அறுபது பக்கத்திலேதான் இருக்கிறது. அவை வேறெங்கும் அச்சேறவில்லை. அச்சிட்ட பிரதிகளோ இருநூறு. இரவல் பெற்றோரும் கறையானும் கொண்டவை போக எஞ்சியவை மூன்று.

அம்மூன்றும் போனால் அவ்விலக்கணமும் போய்விடும். நூலை ஓரிடத்திலே வைத்துவிட்டு நம்பியிருத்தல் எத்தகையதென்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு எமது பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள் மறுபிரதி இல்லாதனவும் இருந்தன.

ஆகவே, உயர்தர வகுப்பு மாணவர் இருவர் வந்து, “ஐயா, அந்த மலரை இணையத்திலை போடுவமோ?” என்று கேட்டபோது யான் மிக மகிழ்ந்தேன். ஒருவன் தொழினுட்பப் பிரிவிலே கற்பவன். மற்றையவள் கலைப்பிரிவிலே தமிழ் கற்பவள். மலரை அச்சுக்கோத்த கணினிக் கோப்பு ஓர் இறுவட்டிலே இருந்தது. வேலை எளிது என்று எண்ணினோம். (‘கணினி’யோ ‘கணனி’யோ என்னும் வழக்கினை யான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.)

கோப்பினைச் சொற்செயலியிலே திறந்தோம். அழகிய தமிழ் தோன்றியது. மாணவன் அதனைப் பிரதி எடுத்து, விண்டோஸ் கணினிகளிலே வெறும் எழுத்து எழுதுதற்கென்று உள்ள ‘நோட்பாட்’ என்னும் சிறு செயலியிலே ஒட்டினான். ஒட்டியவன் திகைத்து நின்றான்.

“ஐயா, இதிலை தமிழே இல்லை!”

“தமிழ் இல்லையோ? இப்பத்தானே தம்பி வாசிச்சனாங்கள்!”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். உண்மையே. ‘தமிழ்’ என்னும் சொல் நின்ற இடத்திலே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அறுபது பக்கமும் அப்படியே. இருபது ஆண்டாக நாம் தமிழென்று போற்றி வைத்திருந்தது தமிழ் வேடம் புனைந்த ஆங்கில எழுத்துக் கூட்டம்!

சூழ்ச்சி இதுதான். கணினிக்குத் தமிழ் கற்பிக்கப்படாத காலத்திலே, ஆங்கில எழுத்துகளின் உருவை மாத்திரம் மாற்றித் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். எங்கள் நாட்டிலே பெருவழக்காக இருந்த அத்தகைய எழுத்துரு ‘பாமினி’. அதிலே ஜே என்னும் எழுத்துக்குத் தகரத்தின் வடிவும், கே என்பதற்கு மகரத்தின் வடிவும், பி என்பதற்கு இகரக் குறியின் வடிவும் தரப்பட்டன. கணினி தன் நினைவிலே வைத்திருப்பது ஜேயும் கேயும். திரையிலே காட்டுவது தகரமும் மகரமும். பாமினி உள்ள கணினியிலே தமிழ். இல்லாத கணினியிலே புலம்பல். அக்காலத்துக்கு அஃது ஒரு பேருதவி என்பதையும் மறத்தலாகாது. அதனைக் கொண்டே எத்தனையோ மலரும் நூலும் அழைப்பிதழும் இங்கே வெளிவந்தன.

இப்போது நிலைமை வேறு. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் ஒருங்குறி, அதாவது யூனிகோட், 1991ஆம் ஆண்டு வெளிவந்த தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் தந்தது. அம்முறையிலே ககரத்துக்குரிய எண் ககரத்துக்கே உரியது. வேறெந்த எழுத்தும் அவ்வெண்ணைப் பெறாது. அந்த எண்களைக் கோப்பிலே எழுதி வைக்கும் முறை பலவற்றுள் இணையம் பெரிதும் கைக்கொண்டது யூ.ரி.எவ்.-8 என்பது. 1992இல் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் வகுத்தது. அதன்படி ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்று இடம் கொள்ளும். தமிழ் எழுத்தோ குறியோ ஒன்று மூன்று பைற்று கொள்ளும். இடம் சிறிது மிகுதி. ஆயினும் எழுத்து எழுத்தாக நிற்கும்.

அன்று எமக்கு அவ்வுண்மையைக் காட்டியது எது? அழகும் வண்ணமும் உடைய சொற்செயலி அன்று. பொன்னையும் பித்தளையையும் பிரித்துக் காட்டும் உரைகல்லைப் போல, ஒரு புனைவும் அறியாத வெறும் உரைத் தொகுப்பியே காட்டியது. இணையத்துக்கு எழுதப் புகுவோர் கைக்கொள்ளத்தக்க கருவி எது என்னும் வினாவுக்கு யான் விடை தேடத் தொடங்கியது அன்றுதான். அச்செயலி நான் இட்டதனை அன்றி வேறொன்றையும் கோப்பிலே வைக்கலாகாது. கோப்பிலே உள்ளதை எனக்கு மறைக்கவும் ஆகாது. இவ்விரண்டும் உடையதே இதற்கு ஏற்ற எழுத்தாணி என்பது என் துணிபு.

இணையப்பக்கம் என்பது யாதெனில், வெறும் எழுத்தே. எச்.ரி.எம்.எல். என்று சொல்லப்படும் அதன் மொழியை வகுத்தவர் ஜெனீவா நகரருகே உள்ள சேர்ண் ஆய்வு நிலையத்திலே பணியாற்றிய ரிம் பேணர்ஸ்-லீ. 1989இல் முன்மொழிந்து, 1991இல் உலகுக்கு அளித்தார். தலைப்பு இது, பந்தி இது, இணைப்பு இது என்று கூர்ங்கோண அடைப்புக்குள் சிறு குறிகள் எழுதுவதே அதன் இலக்கணம். தொடங்கும் குறி ஒன்று; முடிக்கும் குறி ஒன்று. எழுவாயும் பயனிலையும் பொருந்துதல் போல இவை பொருந்துதல் வேண்டும். நன்னூல் படித்த பிள்ளைக்கு இஃது ஒரு கிழமைப் பாடம்.

இதனைச் சொற்செயலியிலே எழுதினால் வருவது யாது? மேற்கோட் குறி ஒன்று இடுகிறோம். அதுவோ, அழகுக்காக வளைந்த குறியாக அதனை மாற்றிவிடுகிறது. இணையமொழி வேண்டுவது நேர்க் குறி. வளைந்ததை அது குறியென்று ஏற்பதில்லை. “நானே இணையப்பக்கமாகச் சேமித்துத் தருகிறேன்” என்று சொற்செயலி முன்வருவதும் உண்டு. அவ்வாறு சேமித்ததைத் திறந்து பார்த்தால், ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றி நூற்றுக்கணக்கான வரிகள் நிற்கக் காணலாம். எழுத்துரு, அளவு, ஓரம், நிறம் என்று நாம் கேளாத செய்தி எல்லாம் அங்கே குவிந்திருக்கும். அதனினும் தீது, பாமினியிலே எழுதியது பாமினியாகவே உள்ளே ஒளிந்திருப்பது. எழுதினவன் கணினியிலே சரியாகத் தோன்றும்; ரொறொன்ரோவிலே திறந்தவன் புலம்பலைக் காண்பான்.

இனி எங்கள் மலருக்கு வருவோம். பாமினியை ஒருங்குறியாக மாற்றும் செயலிகள் பல உண்டு. ஒன்றிலே இட்டு மாற்றினோம். தமிழ் வந்தது. மாணவி, ‘ஆசிரியர்’ என்னும் சொல் எத்தனை இடத்திலே வருகிறது என்று தேடிப் பார்த்தாள். ஆசிரியர் ஒருவரின் நினைவு மலர். பக்கத்துக்குப் பத்து ஆசிரியர் வருதல் கூடும். கணினியோ, “அப்படி ஒரு சொல் இல்லை” என்றது.

கண்ணெதிரே இருக்கும் சொல்லை இல்லை என்கிறது! எழுத்தைப் பெருக்கிக் காட்டச் சொன்னேன். அப்போதும் ஐயம் தீரவில்லை. பின்பு ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தபோதே பிடிபட்டது. அங்கே நின்றது ‘ஆசிரியர்’ அன்று; ‘ஆசிாியா்’. ரகரம் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் ஆகாரத்தின் கால் நின்றது.

பழைய ஏடு பார்த்த எவருக்கும் இவ்விடத்திலே ஒரு மயிர்க்கூச்செறிவு உண்டாகும். ஓலையிலே எழுதியோர் புள்ளி குத்துவதில்லை. குத்தினால் ஓலை கிழியும். ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றே போல நிற்கும். ‘மரம்’ என்று எழுதியதை ‘மாம’ என்று படித்தாலும் ஓலை மறுக்காது. மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியர் விதித்திருந்தும், எழுதுவோர் கையிலே அப்புள்ளி நிலைக்கவில்லை. 1849இல் அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவிய ஆறுமுக நாவலரும், 1868இல் தொல்காப்பியச் சேனாவரையத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் பட்ட பாட்டிலே ஒரு பெரும் பகுதி இதுதான். இது காலோ, ரகரமோ? இது குறிலோ, நெடிலோ? இதற்குப் புள்ளி உண்டோ, இல்லையோ? ஏட்டிலே இல்லாத விடையை இலக்கணத்திலும் யாப்பிலும் பொருளிலும் தேடித் தேடியே அவர்கள் பாடம் கண்டனர். அச்செழுத்து வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது என்று நாம் நிம்மதி கொண்டோம். ஒழியவில்லை; கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டது.

அது புகுந்த வழியும் சுவையானது. ரி, ரீ, ர் என்னும் மூன்றையும் எழுதும்போது ரகரத்தின் கீழ்க்காலை இழுக்காமல் விடுவது பழைய அச்சு வழக்கு. ஆதலால் பாமினியிலே எழுத்துக் கோத்தவர், அம்மூன்று இடத்திலும் ரகரத்தின் விசையை விட்டுக் கால் விசையை அழுத்தினர். அச்சிலே வடிவம் சரியாக விழுந்தது. வாசித்தவர் எவரும் குறை காணவில்லை. மாற்றும் செயலி வடிவம் அறியாது. அழுத்திய விசையை மாத்திரம் அறியும். கால் என்றால் கால் என்றே எழுதிவிட்டது. இணையத்திலே இன்றும் ‘ஆசிாியா்’ ஆயிரக்கணக்கில் உலவுகின்றனர். தேடுவோர்க்கு அவர்கள் அகப்படுவதில்லை.

இந்நோய்க்கு மருந்து இலக்கணத்திலேயே இருந்தது. கால் என்பது உயிர்க்குறி. ஓர் உயிர்க்குறியின்மேல் மற்றோர் உயிர்க்குறி ஏறாது, புள்ளியும் ஏறாது. எனவே காலை அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ வந்தால், அக்கால் ரகரமேயாதல் வேண்டும். விதிவிலக்கு இல்லை. “பிள்ளை, மூண்டு மாற்றம் போதும்” என்றேன். தேடு, மாற்று என்னும் கட்டளையை மூன்று முறை கொடுத்தாள். அறுபது பக்கமும் ஒரு நிமிடத்திலே திருந்தின. தாமோதரம்பிள்ளை இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

தேடி மாற்றுதல் சொற்செயலியிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆயினும் எழுத்துக்கு எழுத்து உள்ளே யாது இருக்கிறதென்று காட்டுவதிலும், ‘காலின்பின் இகரக் குறி’ என்பது போன்ற அமைப்பையே தேடுவதிலும், நல்ல உரைத் தொகுப்பிக்கு அது நிகராகாது.

எந்தத் தொகுப்பி? இங்கேதான் இரு மாணவரும் மாறுபட்டனர்.

நோட்பாட் 1985ஆம் ஆண்டு முதலாவது விண்டோசோடு வந்தது. எல்லாரிடமும் உண்டு, விலை இல்லை, விளக்கம் வேண்டாம். பாடசாலையிலே இணையப்பக்கம் கற்பிப்போர் பலர் அதனிலே தொடங்குவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் தமிழ் எழுதுவோர் அதன் பழைய குணத்தை அறிந்திருத்தல் நன்று. 2019ஆம் ஆண்டுக்கு முன்னுள்ள விண்டோசிலே, நாம் மாற்றிச் சொன்னாலன்றி அது ‘ஆன்சி’ என்னும் பழைய முறையிலேதான் கோப்பினைச் சேமிக்கும். அம்முறையிலே தமிழுக்கு இடமில்லை. ஓர் எச்சரிக்கை தோன்றும். கவனியாமல் சம்மதித்தால் எழுதிய தமிழ் எல்லாம் வினாக்குறிகளாகிவிடும். மூடித் திறந்தபின் அவற்றை மீட்க வழியில்லை. யூ.ரி.எவ்.-8 என்று தெரிந்து சேமித்தாலும், கோப்பின் தலையிலே கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைற்றினை அது தானாக இட்டுவிடும். சில நிரல்கள் அந்த மூன்றினால் இடறி விழும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் புதுப்பிப்பிலேயே இவ்விரு குறையும் நீங்கின. மற்றை இயங்குதளங்களிலே எழுதிய கோப்பினை வரி பிரித்துக் காட்டவும் அது 2018இலேதான் கற்றது. அதற்கு முன் அத்தகைய கோப்பெல்லாம் ஒரே நீண்ட வரியாக ஓடும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலே பழைய கணினிகளே மிகுதி. ஆகவே இவை பழங்கதை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025இலே அந்த நோட்பாட்டுக்குள்ளும் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்னும் அலங்காரம் புகுந்தது. வேண்டாதோர் நிறுத்திவிடலாம். எளிமைக்கென்று பிறந்த கருவிக்கும் ஒரு வயதின்பின் ஆடையாபரண ஆசை வரும்போலும்.

மாணவன் விரும்பியது விஷுவல் ஸ்ரூடியோ கோட். 2015இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. உலகத்து நிரலாளர் பெரும்பாலோர் கையிலே அதுதான் இருக்கிறது என்றான். அதன் சிறப்புகளை யான் மறுக்கவில்லை. மயக்கம் தரும் எழுத்துகளையும் புலப்படா எழுத்துகளையும் கட்டமிட்டுக் காட்டுகிறது. தொடங்கிய குறியை முடிக்க மறந்தால் நினைவூட்டுகிறது. எனினும் எங்கள் கூடத்துப் பழைய கணினிகளிலே அது எழுந்து நிற்பதற்குள் பாடவேளை பாதி போய்விடும். நாம் ஓர் எழுத்து எழுதுமுன் அது பத்து எழுத்தை முன்மொழிகிறது. கற்கும் பிள்ளைக்கு அது நன்றன்று. தேர் அழகியது, எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது. “வேலைக்குப் போகிற காலத்திலை ஓட்டு தம்பி” என்றேன். அவன் இன்னும் உடன்படவில்லை.

பழைய மரபு ஒன்றும் உண்டு. 1976இல் பில் ஜோய் எழுதிய ‘வீஐ’, அதன் வழிவந்ததாய் 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட ‘விம்’. சுட்டி வேண்டாம், விரலே போதும். வல்லார் கையிலே அது மந்திரக்கோல் என்பர். ஆயினும் அது பிறந்த கரும்திரையிலே எழுத்துக்கு எழுத்து சம அகலம் கொண்ட கட்டங்களே உண்டு. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துள் அடங்கும். எமது ‘ணௌ’ எப்படி அடங்கும்? கட்டத்துள் திணித்தால் குறி ஒருபுறம், எழுத்து ஒருபுறமாகச் சிதறும். தமிழுக்கு அந்தக் கரும்திரை ஏற்றதன்று. வெளிநாட்டிலே அப்பிள் கணினி வைத்திருக்கும் உறவினர்க்கு ஒரு சொல்: அதிலுள்ள ரெக்ஸ்ற்எடிற் முதலிலே அலங்கார எழுத்தாகவே திறக்கும், வெறும் எழுத்தாக மாற்று என்று பணித்தபின் எழுதுக.

முடிவிலே யாம் எடுத்துக்கொண்டது நோட்பாட் பிளஸ் பிளஸ். பெயர் ஒத்ததே அன்றி இரண்டும் வேறு. டொன் ஹோ என்பார் 2003இல் தொடங்கி இலவசமாக வழங்கிவருவது. சிறிய செயலி, பழைய கணினியிலும் ஓடும், இணையத் தொடர்பு வேண்டாம். கோப்பு எந்தக் குறிமுறையிலே இருக்கிறதென்று திரையின் அடியிலே எப்போதும் எழுதிக் காட்டும். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். குறிகளை ஒரு நிறத்திலும் உரையை ஒரு நிறத்திலும் காட்டுகிறது. அந்நிறமோ கண்ணுக்கே அன்றிக் கோப்புக்குள் செல்வதில்லை. சேமியாத எழுத்தையும் இடையிடையே தானே காத்து வைக்கிறது. 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்ததை அனுபவித்தோர் இதன் அருமையை அறிவர்.

ஓர் எச்சரிக்கை. அதன் குறிமுறைப் பட்டியலிலே இருவகைக் கட்டளை உண்டு. ஒன்று, கோப்பினை இன்ன முறையிலே எழுதியதாகக் கொண்டு படி என்பது. மற்றொன்று, கோப்பினை இன்ன முறைக்கு மாற்று என்பது. படிப்பதும் பெயர்ப்பதும் ஒன்றல்லவே! மயங்கி ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு சேமித்தால் கோப்புக் கெடும். விண்டோஸ் இல்லாது லினக்ஸ் வைத்திருப்போர்க்கு ‘ஜீனி’ என்னும் சிறு தொகுப்பி இதனை ஒத்தது.

தொகுப்பி நல்லதாயினும் பக்கத்தின் தலையிலே இரண்டு செய்தி எழுத மறத்தலாகாது. இப்பக்கம் யூ.ரி.எவ்.-8 முறையிலே எழுதப்பட்டது என்பது ஒன்று. அஃது இல்லையேல், உலாவி அதனை மேலைநாட்டுப் பழைய முறையென்று ஊகித்துப் படித்தலும் உண்டு. அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையிலே கோடிட்ட ஆங்கில ஏயில் தொடங்கும் மூன்று விசித்திரக் குறிகளாகும். இப்பக்கத்தின் மொழி தமிழ் என்பது மற்றது. பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் செயலிகள் அதனைக் கொண்டே தமிழ்க் குரலைத் தெரிகின்றன.

இவ்வளவு கவலை வேண்டுமா என்பார்க்கு ஒரு சான்று. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பலரும் அறிவர். சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலே இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதி, பழந்தமிழ் நூல்களை இணையத்திலே வைத்தனர். திருக்குறள் அதன் முதல் வெளியீடு. தொடக்கத்திலே அவர்களும் அக்காலத்துக் குறிமுறைகளிலேதான் எழுதினர். ஒருங்குறி பரவியபோது நூல்களையெல்லாம் அதற்கு மாற்றினர். மாற்ற முடிந்தது எதனால்? எந்தக் குறி எந்த எழுத்தைச் சுட்டும் என்பது வரையறுத்து வெளிப்படையாக இருந்ததனால். 2005இல் எம்மவர் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களின் பக்கங்களைப் படமாகப் பிடித்துக் காத்துவருகிறது. படம் முகத்தைக் காக்கும்; எழுத்து பேச்சைக் காக்கும். படத்துக்குள்ளே ஒரு சொல்லைத் தேட இயலாது. எங்கள் மலருக்கு இரண்டும் செய்வதென்று துணிந்தோம்.

ரகரச் சிக்கல் தீர்ந்த மகிழ்ச்சியிலே மாணவன் அடுத்ததற்குத் தாவினான். ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தை ஒத்திருப்பதால் பாமினியிலே இரண்டுக்கும் ஒரே விசைதான். ‘கௌரவம்’ என்பது எங்கும் ககரத்தோடு எகரக் குறியும் ளகரமுமாக நின்றது. “முந்தி மாதிரியே எல்லாத்தையும் மாத்திவிடுவம்” என்று, எகரக் குறியின்பின் ளகரம் வந்த இடமெல்லாம் ஔகாரக் குறியாகுக என்று ஆணையிட்டான். கௌரவம் கௌரவமாயிற்று. அதனோடு ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆயிற்று. ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ ஆயிற்று. கெளிற்று மீனும் தப்பவில்லை. இந்த ‘வௌியீடு’ எங்கள் மலரிலே மாத்திரம் அன்று, பெரிய பெரிய இணையத்தளங்களிலும் தலைப்பிலே வீற்றிருக்கிறது. காரணம் இதுதான். ரகரத்துக்கு இருந்தது போன்ற தப்பாத விதி ஔகாரத்துக்கு இல்லை. ‘தெள’வோ ‘தௌ’வோ என்பதைச் சொல்லின் பொருள் அறிந்தவரே சொல்லல் வேண்டும்.

செய்த மாற்றத்தை மீளப் பெற்றோம். அதன்பின், எகரக் குறியை அடுத்து ளகரம் வந்த இடங்களை மாத்திரம் ஒவ்வொன்றாகக் காட்டும்படி தொகுப்பியைப் பணித்து, மூவரும் அதன் முன்னே அமர்ந்தோம். மாணவி வாசிப்பாள், யான் சொல்வேன், மாணவன் விசையை அழுத்துவான். கௌவை, சௌக்கியம், பௌத்தம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடையிலே இலக்கணக் குறிப்பின் பகுதியிலே ஒரு ‘மௌனம்’ ஐயத்தைத் தந்தது. முன்னரே திருத்தியதா, இனித் திருத்த வேண்டியதா என்று திரையைப் பார்த்து அறிய முடியவில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே.

“அதுக்கு வழி இருக்கு ஐயா” என்று மாணவன் சுட்டியை அவ்வெழுத்தின் பின்னே வைத்தான். பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால், ளகரம் மாத்திரம் போய் ‘மெ’ நின்றால் அது பிழை. குறி முழுவதும் போய் ‘ம’ நின்றால் அது சரி. அழுத்தினான். ‘மெ’ நின்றது. மாணவி பட்டியலிலே ஒரு கோடிட்டாள். அன்றைக்கு நாற்பத்தொன்றாம் பக்கம் வரை முடிந்தது.